முப்பது நாள் கல்வெட்டு

ஷுவைக்கில், டயர்க்கடைகளுக்குப் பின்னால்,
உறைந்த கோழி இறங்கும் கிடங்கின் மாடியில்
முப்பது கிலோ இரும்பை
நானும் செக்யூரிட்டி கர்ணபகதூரும்
ஆளுக்கொரு முனையில் பிடித்து ரேக்கில் செருகினோம்.
பன்னிரண்டு டிஸ்க்.
இரண்டு செத்தாலும் மிச்சம் பத்தும் சேர்ந்து
கணக்கை ஒப்பித்துவிடும்.

ரம்ஜானில் வந்தார்கள் அவர்கள்.
வந்தார்கள் என்பது தப்பு. ஏற்கெனவே
ஒரு மெயிலின் இணைப்பில் உட்கார்ந்திருந்தார்கள்.
இஃப்தாருக்கு எல்லோரும் எழுந்துபோன நாற்பது நிமிடம்.
பேரீச்சங்கொட்டையைத் துப்பிவிட்டுத் திரும்பினால்
எல்லா ஃபைலுக்கும் வால் மாறியிருந்தது.
பேக்கப்பைத்தான் முதலில் கொன்றிருந்தார்கள்.
திறந்தது என் பாஸ்வேர்டு.
ஐம்பத்திரண்டு டிரைவர்களுக்கு இரண்டு மாதம் சம்பளமில்லை.
மரியசெல்வம் மகளின் காலேஜ் ஃபீஸுக்குக்
கடன் கேட்டு வந்தான்,
என்னிடம்.
கொடுத்தேன்.
ஏன் உடனே கொடுத்தேன் என்று அவன் கேட்கவில்லை.

எனவே இந்த முறை
திருடர் பட்டியலில் என் பெயரையும் சேர்த்துக்கொண்டேன்.

கம்பெனி டொமைனில் இதைச் சேர்க்கவில்லை,
ரேஷன் கார்டில் பெயரில்லாத பிள்ளை.
பேக்கப் வந்து விழ ஒரே ஒரு போர்ட்.
முதல் அறிமுகத்துக்குக் கொடுத்த பாஸ்வேர்டை
ஒரு தடவை தின்றுவிட்டு மறந்துபோனது.
ரூட்டின் பாஸ்வேர்டை இரண்டாக வெட்டி
முன்பாதி சால்மியாவில் முதலாளியின் லாக்கருக்கு,
பின்பாதி வக்கீலின் கவருக்கு.
தூரத்திலிருந்து கை நீட்டும் மேனேஜ்மென்ட் கேபிளைப் பிடுங்கி
அந்த ஓட்டையில் எம்-சீல் பிசைந்து அப்பினேன்.
கர்ணபகதூர் சிரித்தான்,
குழாய்க்கும் கம்ப்யூட்டருக்கும் ஒரே வைத்தியமா பாய் என்று.

கோயில் சுவரில் தானம் கொடுத்த ராஜாக்கள்
சந்திராதித்தவரை என்று வெட்டிவைத்தார்கள்.
எனக்கு அவ்வளவு டிஸ்க் இல்லை.
முப்பது நாள் என்று வெட்டினேன்.
இதை அழிப்பவன்
கங்கைக்கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவான்
என்று அவர்கள் கீழே எழுதிய இடத்தில்
எனக்கு இரண்டே சொல்:
அனுமதி இல்லை.

ஜூலை. இரவு பத்தேகாலுக்கு மேனேஜர் ரெஜினால்டின் போன்.
"பதினொன்றாம் தேதி பஞ்சிங், பகல் மட்டும்.
மெயின் சர்வரில் எடுத்தாச்சு.
உன் பெட்டியிலும் எடுத்துடு.
லேபர் ஆபீஸிலிருந்து வருவாங்கபோல."

திறந்து பார்த்தேன்.
பதினொன்றிலிருந்து நான்குவரை
வெயிலில் ஆள் நிறுத்தக் கூடாத மாதம்.
யார்டில் கன்டெய்னர் இறக்கியவர்கள்:
12.50, 1.12, 1.40.
1.12 மரியசெல்வம்.
அன்றைக்கு ஐம்பது டிகிரி.
அவனை சபா ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது
லன்ச்சுக்கு அப்புறம் மயங்கினான் என்று சொன்னதாக ஞாபகம்.

"முடியாது சார்."
"நீதானே கட்டினே?"
"அதனாலதான் சார்."

நம்பவில்லை. நேரிலேயே வந்தார்.
அவர் கண்ணெதிரே டிலீட் அழுத்தினேன்.
அனுமதி இல்லை.
இன்னொரு தடவை என்றார்.
அழுத்தினேன்.
என் வாழ்க்கையில் நான் சொன்ன உத்தரவுக்கு
இவ்வளவு சந்தோஷமாக எதுவும் மறுத்ததில்லை.

ஒன்றை மட்டும் அவரிடம் சொல்லவில்லை.
இது மணி கேட்பது
வராந்தா அலமாரியில் இருக்கும் ரௌட்டரிடம்.
அந்த ரௌட்டர் நாளைக்கே ஆகஸ்ட் கடைசி என்று சொன்னால்
இது நம்பிவிடும்,
முப்பது நாளும் ஒரு ராத்திரியில் கழிந்துவிடும்.
தள்ளிவைக்கத் தள்ளிவைக்க மறந்த வேலை.
ரௌட்டரின் பாஸ்வேர்டு
எனக்கு மட்டும்தான் தெரியும்.

அவர் லிஃப்டில் இறங்கும்வரை
கீபோர்டிலிருந்து கையை எடுத்து
மடியில் வைத்துக்கொண்டிருந்தேன்.
விசா அடுத்த மாதம் புதுப்பிக்க வேண்டும், கையெழுத்து அவருடையது.

பிறகு அலமாரியைத் திறந்தேன்.
என்ன செய்தேன் என்று கர்ணபகதூர்கூடக் கேட்கவில்லை,
டார்ச் மட்டும் பிடித்தான்.

இன்று பத்தொன்பதாம் நாள்.
லேபர் ஆபீஸிலிருந்து இன்னும் யாரும் வரவில்லை.
பன்னிரண்டு பச்சை விளக்கும் எரிகின்றன.
மணி சரியாக இருக்கிறது.