நிலையம் நான்கு

ராஸ் அல் கைமாவில் காலை ஐந்தேகாலுக்கே
முப்பத்து நான்கு டிகிரி.
ஷொஃபிக் எஞ்சினை அணைக்கிறான்.
மௌஸா அபாயாவின் ஓரத்தைச் சுருட்டி
லைஃப் ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு
கயிற்றை விடுகிறாள்: ஒன்று, இரண்டு, இரண்டரை மீட்டர்.
கருவி தரை தட்டுகிறது.
எங்கள் துறையில் கடல் என்பது இவ்வளவுதான்,
ஒருத்தி சொல்ல ஒருத்தி எழுதிக்கொள்ளும் எண்கள்.

நிலையம் ஒன்றில் உப்பு நாற்பத்திரண்டு.
இரண்டிலும் அதே.
மூன்றில் நாற்பத்தைந்து. அங்கே ஒரு ஜெல்லிமீன்,
பாலிதீன் பை என்று தள்ளிவிடப் போனோம்,
துடித்தது.
நான்கில்
ஐம்பத்தொன்று.
மௌஸா பென்சிலை நிறுத்தினாள்: "மறுபடி இறக்கு."
இறக்கினோம். ஐம்பத்தொன்று.

நான்கிலிருந்து பார்த்தால் தெரிவது
மூன்று புகைபோக்கி, வெள்ளைத் தொட்டிகள்,
கரையிலிருந்து நீரில் இறங்கி மறையும் ஒரு குழாய்.
கடலைக் குடிநீராக்கும் ஆலை.
இந்நேரம் அங்கே இரவு ஷிப்ட் முடித்து
கையெழுத்துப் போட்டுக்கொண்டிருப்பவர்
அலோசியஸ் கொரைரா, சீனியர் ஆபரேட்டர்.
என் பல்கலைக்கழக அட்டையில்
தந்தை பெயர் என்ற இடத்தில் இருப்பவரும் அவரே.
முதல் செமஸ்டர் கட்டணம்
அவருடைய பதினாறு வெள்ளிக்கிழமைகள்.

ஆய்வுக்கு ஒப்புதல் கேட்கும் படிவத்தில்
ஒன்பதாவது கேள்வி:
ஆராயப்படும் நிறுவனத்தோடு
உனக்கோ குடும்பத்தாருக்கோ தொடர்பு உண்டா?
உண்டு, இல்லை. இரண்டு சின்னக் கட்டங்கள்.
'இல்லை'யில் டிக் போட்டேன்.
டாக்டர் லுப்னா படிக்காமலே ஒப்பமிட்டார்.

உப்புத் தின்றவன் தண்ணீர் குடிப்பான் என்பார்கள்.
இங்கே தண்ணீர் குடித்தது நாங்கள்.
மூன்றாம் மாடியில், இருபத்திரண்டு வருடமாக,
குழாயைத் திறந்து, டம்ளர் டம்ளராக.
உப்புத் தின்றது அது.

வரைபடத்தை மேசையில் விரித்து வைத்திருந்தேன்.
மறைக்கவில்லை, காட்டவும் இல்லை.
அப்பா குளித்துவிட்டுத் தலை துவட்டியபடி வந்தவர்
சிவப்பாய் இருந்த இடத்தில் விரலை வைத்தார்.
"எத்தன மணிக்கு எடுத்த?"
"ஆறு."
"ஆறு மணிக்கு ரெண்டு யூனிட் நின்னு போயிருக்கும்.
ஞாயித்துக்கிழம விடியக்கால மூணரைக்கு நல்ல வத்தம்.
எல்லா யூனிட்டும் ஓடும்.
எடுக்கிறதா இருந்தா அன்னிக்கி எடு."
பிறகு சாம்பாரில் உப்புக் குறைவு என்றார்.
அம்மா எழுந்து போய் எடுத்து வந்தாள்.

இரவில் படகெடுக்கக் கடலோரக் காவலிடம்
அனுமதி வாங்க ஷொஃபிக்குக்கு நான்கு நாள் ஆனது.
துணைக்கு வந்த மௌஸாவின் தம்பி
அணியத்தில் சுருண்டு தூங்கிவிட்டான்.
மூன்றில் கயிறு இறங்கும்போது
அதைச் சுற்றி நீர் பச்சையாய் மினுங்கியது.
இன்னும் ஒரு தடவை, என்று மௌஸா
காரணமே இல்லாமல் கயிற்றை ஆட்டிப் பார்த்தாள்.

நான்கில் மினுங்கவில்லை.
கயிறு வெறும் கயிறாக இறங்கியது.
கையை விட்டுப் பார்த்தேன். காய்ச்சல்காரன் நெற்றி.
திரையில் எண் ஏறி ஏறி
ஐம்பத்தேழில் நின்றது.

கட்டுப்பாட்டு அறையின் ஜன்னலில் வெளிச்சம்.
யாரோ குறுக்கே நடந்தார்கள். அவராகவும் இருக்கலாம்.
ஃபோன் அதிர்ந்தது.
"வந்துச்சா?"
கடைக்குப் போனவளிடம் கேட்பது போல.

திங்கட்கிழமை டாக்டர் லுப்னாவின் அறைக்குப் போய்
அந்தப் படிவத்தைத் திருப்பிக் கேட்க வேண்டும்.
கேட்டால் என் ஆய்வு நிற்கலாம்.
அவர் வேலையும். வேலையோடு எங்கள் விசாவும்.

"வந்துச்சுப்பா" என்று அனுப்பினேன்.
எண்ணை அனுப்பவில்லை.
அது அவருக்குத் தெரியும்.
மௌஸா டார்ச்சைப் பல்லில் கடித்தபடி
"சொல்லு, எழுதுறேன்" என்றாள்.
சொன்னேன்.