தொட்டி நிறையத் தண்ணீரோடு

பள்ளிக்கூட வேனாக இருந்தது.
மஞ்சளுக்கு மேல் வெள்ளை அடித்தும்
மழையில் நனைந்தால்
'குழந்தைகள்' என்று பக்கவாட்டில் தெரியும்.
மடக்குக் கட்டில், அடுப்பு, கொசுவலை,
பின்னால் இருநூறு லிட்டர் தண்ணீர்த் தொட்டி.
ஒரு குழாய்க்கு மூன்று கடை ஏறினோம்.
முகப்பு விளக்கு
எரிந்தது, அவ்வளவுதான்.

களக்காட்டு ரோட்டில், விடியற்காலை மூன்று மணிக்கு,
புளியமரத்து உச்சிகள் பளிச்சென்று வந்தன.
ஓர் ஆந்தையின் வயிறு.
தார் ரோடு மட்டும் வரவில்லை.
பத்தடியில் திடீரென்று
ஒரு வாழையிலைக் கட்டு,
கட்டுக்கு அடியில் டிவிஎஸ் ஐம்பது,
அதை ஓட்டிக்கொண்டு ஒரு மனுசன்.
ஞானசிகாமணி பிரேக்கில் ஏறி நின்றார்.
குக்கர் உருண்டு என் காலடிக்கு வந்தது.
"லைட்டப் போட்டுட்டு வரப்படாதா வே?"
போட்டுத்தான் இருந்தது.
அதைச் சொல்ல எங்கள் இருவருக்கும் வாய் வரவில்லை.

மேலப்பாளையத்தில் மசூது மீட்டரை வைத்தான்.
பேட்டரியில் பன்னிரண்டரை. பல்பில் பத்து.
"மிச்சம் வழியிலேயே செத்துப்போச்சுக்கா."
முடி போல ஒரு வயர், துரு தின்ற எர்த்து.
பெரிய பல்பாகப் போட்டுவிடேன் என்றேன்.
"எதுக்க வாறவன் கண்ணு என்ன பாவம் பண்ணுச்சு?"
ரிலே வைத்தான், தடித்த வயர் இழுத்தான்,
விளக்குக் கண்ணின் பீளையை
உப்புத்தாளால் தேய்த்தெடுத்தான்.

இருட்டியதும் அரிசி மில் சுவருக்கு நேரே
இருபத்தைந்தடி தள்ளி நிறுத்தினோம்.
சாக்கட்டியால் கோடு கிழித்தவன் திரும்பி,
"தொட்டில தண்ணி இருக்கா?"
காலி.
"நெறச்சிருங்க. அரிசி, கேஸ், துணிமணி
எல்லாத்தையும் ஏத்துங்க. நீங்களும் ஏறிக்கிடுங்க.
காலி வண்டிக்கா பாக்கேன்?
குடியிருக்க வண்டிக்குல்லா பாக்கேன்."

ஏறி உட்கார்ந்தோம்.
பின்பக்கம் தாழ்ந்தது, மூக்கு தூக்கியது,
வெளிச்சம் சுவரில் ஒரு முழம் மேலே போனது.
இத்தனை நாள்
எங்கள் குடித்தனத்தின் எடைதான்
ஆந்தைக்கு விளக்குப் பிடித்திருக்கிறது.
திருப்புளி நாலு சுற்று.
வட்டம் இறங்கிக் கோட்டில் உட்கார்ந்தது.

மறு வாரம் அதே ரோடு, அதே நேரம்.
புளிய உச்சிகள் இருட்டுக்குள்ளேயே இருந்தன.
தொலைவில் பச்சையாக ஒன்று அசைந்தது.
கிட்டப் போகப் போக இலைக்கட்டு,
கம்பியால் கட்டிய மட்கார்டு,
ஒரு காலில் நீலவார்ச் செருப்பு, மறு காலில் சிவப்பு.
ஒதுங்கிக் கடந்தோம்.
அவர் திரும்பிப் பார்க்கவில்லை.
தொட்டித் தண்ணீர் பின்னால்
ஒருமுறை தளும்பி அடங்கியது.