விட்டால் ஏறும்

மெஷின் முகத்தில் ஒரு சின்ன சுவிட்ச்.
இந்தப் பக்கம் டூ டி, அந்தப் பக்கம் ஃபோர் டி.
மூன்று வருடமாய் இந்தப் பக்கமே கிடந்தது,
பிசுக்கேறி எழுத்தும் மறைந்து.

டூ டி எனக்குப் பழகியது.
அழுத்தினால் எரியும்,
அழுத்தியிருக்கும்வரை எரியும்,
விட்டால் அணையும்.
சொல் மீறாத நெருப்பு.
மீறத் தொடங்கியது என் விரல்தான்.

கிளீட்டஸின் விசைப்படகுக்கு டீசல் டேங்க்.
மூன்று மில்லி ஸ்டெயின்லெஸ்,
நாலரை அடியில் நான்கு மூலை.
தடைக்காலம் முடிய ஒன்பது நாள்.
குளச்சலில் அன்றைக்கு எல்லாருக்கும் அதே ஒன்பது நாள்,
ஐஸ்காரனுக்கும் வலைக்காரனுக்கும்
வட்டிக்குக் கொடுத்தவளுக்கும்.

ஆடிக்காற்று கடலிலிருந்து நேரே பட்டறைக்குள் வரும்,
ஆர்கானைத் தின்ன.
வாசலில் பழைய பிளக்ஸ் ஒன்றைக் கட்டினோம்,
யாருடைய கல்யாணமோ.
மாப்பிள்ளையின் காதருகே ஒரு கிழிசல்.
அது போதும், தையல் கருத்துப்போக.

இரண்டாம் மூலையில் பாதி தூரம்.
ஆட்காட்டி விரல் மரத்து,
ஒரு தும்மலளவு தளர்ந்தது.
நெருப்பு போயிற்று.
குழியின் நடுவில் குண்டூசித் துளை.
தண்ணீர் யோசிக்கும் இடத்தில்
டீசல் யோசிக்காது.
அரைத்தேன், அடைத்தேன்.
ஒரு சாண் தள்ளி மறுபடியும் தளர்ந்தது.

"ஃபோர் டில போடுங்கக்கா," என்றான் அஜின்
கிரைண்டரை நிறுத்தாமலே.
"அழுத்தினா சின்னதா வரும், விட்டா ஏறும்,
திரும்ப அழுத்தினா இறங்கும், விட்டா அணையும்.
அவ்வளவுதான்."
கொள்ளாம், என்றேன்.
நகத்தால் பிசுக்கைச் சுரண்டி மாற்றினேன்.

அழுத்தினேன்.
முப்பது ஆம்பியரில் ஒரு சிறு திரி,
கருப்புக் கண்ணாடிக்குள் நீலமாய்.
அந்த வெளிச்சத்தில்தான் பார்த்தேன்,
நின்றிருந்தது மூலையில் அல்ல,
அரை இஞ்சு தள்ளி, வெறும் தகட்டில்.
நிறுத்த வேண்டும்.
நிறுத்த இந்தக் கைக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று.
விட்டேன்.

விட்டதும் ஏறியது.
நூற்றுப் பத்து.
விட்டுத்தானே இருக்கிறேன் என்று விரல் திகைக்க,
விடுவதற்கு மிச்சம் ஏதுமில்லாத விரல்,
தகடு சிவந்து, தொய்ந்து,
கொண்டைக்கடலை அளவுக்குக் கண் திறந்தது.
டார்ச்சைப் பிடுங்கி மேலே இழுத்தேன்.
நெருப்பு நீண்டு, முறுகி, அறுந்தது.
அஜின் கிரைண்டரை நிறுத்தினான்.
எழவு, என்றேன், யாரிடமும் இல்லாமல்.

அன்று மாலை முழுக்கக் கழிவுத் தகட்டில்
கோடு கோடாய் இழுத்தேன்.
அழுத்து, விடு.
போ.
அழுத்து, இறங்கட்டும், விடு.
அணைந்த பிறகும் எடுக்காதே.
ஆறு நொடி காற்று ஊதும்,
குழி வெளுத்து ஆறும்வரை
ஒன்றும் எரியாத இடத்துக்குமேல்
கை அப்படியே நிற்க வேண்டும்.
அந்த ஆறு நொடிதான் எனக்குக் கடைசியில் வந்தது.

மூன்றாம் மூலை ஒரே மூச்சில் போனது.
நாலரை அடியும் விரல் சும்மா இருந்தது,
பேருந்து ஜன்னலில் கை வைத்தவள் மாதிரி.

கிளீட்டஸ் வந்து ஒட்டுத் தகட்டைத் தடவினார்.
"இது என்ன, அம்மைத் தழும்பா?"
"எஞ்சினை நிறுத்தப் போய் அது வேகமெடுத்தா
நீரு என்ன செய்வீரு?"
"கடல்ல சாடுவேன்."
"எனக்குச் சாட இடமில்ல."
சோப்புத் தண்ணீர் பூசிக் காற்றடித்தோம்.
ஒரு குமிழ் இல்லை.

இரவு மஸ்கட்டுக்கு வாய்ஸ் மெசேஜ்.
அதுவும் டூ டி.
அழுத்திப் பிடித்தால் கேட்கும், விட்டால் போய்விடும்.
நடுங்கும் விரலால் இத்தனை மாதமும்
அரைச் சொற்களாய்ப் போய்ச் சேர்ந்திருக்கிறேன்:
"பீஸ் கட்டியாச்சு, ஆனா நீ"
"அம்மா கேக்குது எப்ப"
"எனக்குக் கோவம் இல்ல, சும்ம"

இன்று மேலே தள்ளிப் பூட்டினேன்.
விரலை எடுத்தேன்.
நொடிகள் சிவப்பில் ஏறத் தொடங்கின.
பிளக்ஸ் படபடத்தது.
சொல்ல வந்தது ஒன்று இருந்தது.
நாற்பது, நாற்பத்தொன்று.