நவம்பரில் புழுதி

கால் மணிக்கொரு தடவை
அது தலையைத் தூக்கிச்
சூரியனைப் பார்க்கும்.
இரண்டு குழல், எட்டு வடிகட்டி, ஒரு மோட்டார் முனகல்.
பார்த்து முடித்ததும்
குட்டு வாங்கிய பிள்ளைபோலக்
கவிழ்ந்துகொள்ளும்.

பூசா சாலையில் எங்கள் மொட்டைமாடி.
ஒரு பக்கம் தண்ணீர்த்தொட்டி,
மறுபக்கம் கைப்பிடிச் சுவரில் சிக்கிய
ஆகஸ்ட் மாதத்துப் பட்டநூல்.
கருவி எண் தரும்.
எண்ணுக்குப் பெயர் வைக்க எனக்குச் சம்பளம்.

புழுதி பேதம் பார்க்காது;
நீலம், சிவப்பு, வந்த வெளிச்சம் எதையும்
ஒரே அளவு மறிக்கும்.
புகை பொடி.
அதற்கு நீலத்தின் மேல்தான் பசி.
எது எவ்வளவு குறைந்தது என்ற சரிவை
ஓர் எண்ணாக்கிப் பார்த்தால்
அரைக்குக் கீழே ராஜஸ்தான் மணல்;
ஒன்றரையைத் தொட்டால்
எங்கோ எரிகிறது.

மே மாதம் அரை, நவம்பர் ஒன்றரை.
எட்டு வருடமாக நான் பார்க்க மாறியதில்லை.

இந்தத் தீபாவளி முடிந்து மூன்றாம் நாள்
எண் இறங்கத் தொடங்கியது.
ஒன்று புள்ளி ஒன்று.
பூஜ்யம் புள்ளி எட்டு.
பூஜ்யம் புள்ளி நான்கு.
எனக்கோ தொண்டை கரகரக்கிறது,
கொடியில் கிடந்த துப்பட்டாவில் அடுப்பு வாசம்.
திரையில் 'புழுதி' என்று வருகிறது.

கருவியைத் துடைப்பவர் குர்சேவக்.
சங்ரூர் பக்கம். தம்பிக்கு அங்கே ஆறு ஏக்கர் நெல்.
அக்டோபர் வந்தால் போனில் சண்டை,
படிக்கட்டில் நின்று, பஞ்சாபியில்.
இந்த முறை தம்பி சொல்லிவிட்டானாம்:
"கொளுத்தலை வீர்ஜி.
மெஷின் வாடகைக்கு எடுத்துத் தாளை மடக்கி உழுதாச்சு."
"பாருங்க மேடம், கருவியே சாட்சி"
என்று திரையைத் தட்டிக் காட்டினார்.
அன்றைக்கு எல்லாருக்கும் டீ அவர் செலவு.

நானும் குடித்தேன்.
ஒரு நவம்பராவது பொய்க்கட்டுமே என்ற ஆசை எனக்கும்தான்.
பிறகு, அவர் கீழே போனதும்,
காற்று வந்த வழிக்குப் பின்னோக்கிக் கோடு போட்டேன்.
இரண்டு நாள் பின்னால் போய்
சங்ரூரை உரசிக்கொண்டு போனது கோடு.
அவரிடம் காட்டவில்லை.

வெள்ளிக்கிழமை குழலைக் கழற்றினார்.
உள்ளே மிளகளவு சிலந்தி.
சூரியன் நுழையும் வாசலுக்குக் குறுக்கே
தன் பாட்டுக்கு ஒரு வலை.
நீலத்துக்கும் சிவப்புக்கும்
கூட்டாமல் குறைக்காமல் வரி வாங்கிக்கொண்டு
பத்து நாளாகப் புழுதி வேடம்.

சிலந்தியைப் பில் காகிதத்தில் ஏந்தித்
தொட்டிக்குப் பின்னால் விட்டார்.
பஞ்சுக் குச்சியில் வலையைச் சுருட்டினார்,
ஒரு இழையும் விடாமல். அவர் வேலை அப்படி.

கால் மணி.
கருவி தலை தூக்கியது, முனகியது, கவிழ்ந்தது.
ஒன்று புள்ளி ஐந்து இரண்டு.

"அதில் என் தம்பி பேர் இருக்கா?"

இல்லை. இருக்காது.
தரையிலிருந்து காற்று தீரும் உயரம்வரை
ஒரே தூண் அது.
தம்பி, தம்பியின் பக்கத்து வயல்,
ரோஹ்தக் சாலை லாரி,
கீழே இஸ்திரிக்காரரின் கரிப்பெட்டி,
எல்லாரும் அந்த ஒற்றை எண்ணுக்குள்.
வகை தெரியும்; வயல் தெரியாது.
ஆறுதலாகத்தான் சொன்னேன்.
சொல்லும்போதே போதவில்லை.

போனை எடுத்தார்.
தம்பி பெயர்வரை விரலை நகர்த்தினார்.
சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

பத்து நாள் தரவை நீக்க வேண்டும்.
காரணம் என்ற கட்டத்தில்
'சிலந்தி' என்று எழுதினேன்.

சாயங்காலம் சூரியன் அடிவானம்வரை போகவில்லை;
இரண்டு பனை உயரத்திலேயே கரைந்துவிட்டது.
கருவி அந்தப் பக்கமே திரும்பித்
தேடிக்கொண்டிருந்தது.
நீலத்தில் ஒன்றுமில்லை.
சிவப்பில் மட்டும் கொஞ்சம்.