அரை மாத்திரை

லாரா ரயில் நிலையத்து வாசலில் ஒருவன்
கார் டிக்கியைத் திறந்து
இருநூற்றிருபது டாலருக்குத் தந்தான்.
"ஒரு கட்டை ஒட்டிக்கொள்ளும்,
அதை மட்டும் ஓங்கி அடி."
கையேடு இல்லை.
முப்பத்தொரு திருகுகள், இரண்டுக்குத் தலை இல்லை.

ஜீலாங் போகும் கடைசி ரயிலில்
மடிக்குக் குறுக்கே கிடந்தது.
எதிரில் இருந்த பெண் "கீபோர்டா?" என்றாள்.
ஆமாம் என்றேன்.
பொய்யில்லை, முழு உண்மையுமில்லை.

பகலெல்லாம் எனக்குச் சுத்தமான ஒலிகளோடு வேலை.
ரைரி தெருவில் கேட்புப் பரிசோதனை அறை.
கண்ணாடிக்கு அப்பால் ஒருவர், காதில் ஹெட்ஃபோன்,
நான் பொத்தானை அழுத்த அவர் கையைத் தூக்க வேண்டும்.
இருநூற்றைம்பது. ஐந்நூறு. ஆயிரம்.
காய்ச்சி வடித்த நீர் மாதிரி அலைகள்.
யாருக்கும் தாகம் தீராது.

இரவில் அலையை அழுக்காக்கப் படிக்கிறேன்.
முதல் வாரம் எதைத் திருகினாலும் கொசு.
இரண்டாம் வாரம் சற்றுப் பெரிய கொசு.
ரம்பப்பல் அலையை எடுத்து
வடிகட்டியை மெல்ல மூடியபோதுதான்
பெட்டி முதன்முதலாய் "ஆ" என்றது.
மூட மூட "ஓ",
பிறகு கதவுக்கு அந்தப் பக்கம் போய் "ஊ".
எழுந்து நின்றுவிட்டேன்.
பக்கத்து ஃபிளாட்டுக்காரன் சுவரில் தட்டினான்.

உயிர் வந்தது, ஒற்று வரவில்லை.
தாக்கு, தணிவு, தங்கல், விடுகை:
நான்கு திருகுகளுக்கு நானே பேர் வைத்து
வெள்ளை டேப்பில் எழுதி ஒட்டினேன்.
தாக்கைக் கூட்டினால் ஒலி சோம்பல் முறித்துக்கொண்டு வருகிறது.
விடுகையைக் கூட்டினால்
செருப்பை மாட்டிக்கொண்டும் போகாமல்
வாசலில் நின்று பேசும் விருந்தாளி.
குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, ஒற்றுக்கு அரை,
எட்டாம் வகுப்பில் தூக்கத்தில் ஒப்பித்தது
இப்போது விரலில் வேலை செய்கிறது.

செவ்வாய்க்கிழமை கோவாசெவிச் வந்தார்.
ஃபோர்டு தொழிற்சாலையில் முப்பத்திரண்டு வருஷம்,
தகடு அழுத்தும் பிரிவு.
ஆயிரம் வரை கை டக்கென்று எழுந்தது.
நான்காயிரத்தில் மடியிலேயே கிடந்தது.
ஆறாயிரத்தில் கண்ணாடி வழியே என்னைப் பார்த்து
"தொடங்கியாச்சா?" என்றார்.

வெளியே வந்து கோட்டை மாட்டிக்கொண்டே சொன்னார்:
மனைவி பேர் ஷ்டெஃபிட்சா.
நான் கூப்பிடும்போது என் வாயில் முழுசாய்த்தான் இருக்கிறது.
அவள் ஃபோனில் தன் பேரைச் சொன்னால்
டெ, இ, ஆ.
நடுவில் யாரோ கடித்துத் தின்ற மாதிரி.

அன்றிரவு அலைகளையெல்லாம் அணைத்துவிட்டு
வெள்ளை இரைச்சலை மட்டும் திறந்தேன்.
குழாய்த் தண்ணீராய்க் கொட்டிற்று.
தாக்கு பூஜ்யம். தங்கல் பூஜ்யம். விடுகை பூஜ்யம்.
தணிவு மட்டும் ஒரு மயிரிழை.
கட்டையைத் தொட்டேன்:

ஃ

மறுபடி தொட்டேன். ஃ.
அஃது, இஃது, எஃகு.
முன்னும் பின்னும் துணையில்லாமல்
வெளியே வராத எழுத்து,
என் வாடகை வீட்டுச் சமையல் மேசையில்
தனியாய் நின்றது.

வடிகட்டியை இறக்கிப் பார்த்தேன்,
மூவாயிரம், இரண்டாயிரம்.
தடித்தது, கரகரத்தது,
யாரோ கம்பளியை உதறுவது போலாயிற்று.
இது ஃ இல்லை.
ஆனால் இது அவருக்குக் கேட்கும்.
சில காதுக்கருவிகளும் இதைத்தான் செய்கின்றன;
ஆறு வருஷமாய்ப் பொருத்திக் கொடுக்கிறேன்,
எதை எடுத்துக்கொண்டு எதைக் கொடுக்கிறேன் என்று
இன்றுதான் என் காதால் கேட்டேன்.

சேமிக்கும் பொத்தானை இரண்டு முறை அழுத்த வேண்டுமாம்.
ஒருமுறைதான் அழுத்தினேன்.
காலையில் பதினேழாம் எண்ணில்
தொழிற்சாலையில் யாரோ வைத்தனுப்பிய புல்லாங்குழல்
ஒன்றும் நடக்காத மாதிரி ஊதிக்கொண்டிருந்தது.

எட்டரைக்கு முதல் ஆள், பள்ளிப் பையன்.
பொத்தானில் விரலை வைத்தேன்,
இன்னும் அழுத்தவில்லை.
அவன் கையைத் தூக்கினான்.