பதின்மூன்றாவது கட்டம்

இரவு இரண்டு நாற்பதுக்கு வெளியிட்டோம்.
ஏழு நூலகங்கள், ஒரே பதிப்பெண்.
தேதிக்கு ஒன்று, பட்டியலுக்கு ஒன்று,
எழுத்தை வெட்டவும் ஒட்டவும் ஒன்று.
அந்தக் கடைசி என்னுடையது.
என்னுடையது என்றால் யாருக்கும் உரியது;
உரிமத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறது.

கொருக்குப்பேட்டையில் கேட் போட்டிருந்தார்கள்.
சரக்கு ரயில் ஒன்று
தன் பெட்டிகளைத் தானே எண்ணிக்கொண்டு
போய்க்கொண்டே இருந்தது.
"என்ன சத்தம் அது?" தாலினிலிருந்து ஊர்மஸ்.
"ரயில். எங்கள் சமையலறை வழியாகப் போகிறது" என்றேன்.
நம்பிவிட்டான்.

நாங்கள் எழுதுகிற மொழியில்
ஒருமுறை வைத்த மதிப்பு மாறாது.
ஒரே கேள்விக்கு என்றைக்கும் ஒரே பதில்.
இதை யாராவது எங்கள் தெரு அடிபம்புக்குச் சொல்ல வேண்டும்.
அதே பம்பு, அதே கை, அதே இருபது அடி:
திங்கட்கிழமை தண்ணீர்,
செவ்வாய்க்கிழமை காற்று,
புதன்கிழமை மணலி வாசம்.

பகலில் வேலை திருவொற்றியூரில்.
கன்டெய்னர் யார்டு வாசல், டோக்கன் கவுண்டர்.
டிரைவர் பெயருக்குப் பன்னிரண்டு கட்டம்.
ஞானப்பிரகாசம் என்று தட்டினால்
நமக்கு எட்டு எழுத்து,
இயந்திரத்துக்குப் பதின்மூன்று.
துணைக்காலைத் தனியாக எண்ணும்,
கொக்கியைத் தனியாக எண்ணும்,
தலைமேல் இருக்கிற புள்ளியையும் ஓர் ஆளாக எண்ணும்.
பன்னிரண்டில் கத்தி விழும்.
ஞானப்பிரகாசம
என்று அச்சாகி வரும்,
வாய் மூடாத பெயர்.

உள்கேட்டில் ஸ்கேனர் வைத்திருந்தவன்
லைசென்ஸைப் பார்த்தான், டோக்கனைப் பார்த்தான்,
"இது வேற ஆளு" என்று திருப்பி அனுப்பினான்.
லாரி வரிசையின் வால் அன்றைக்கு
எர்ணாவூர் பாலத்தைத் தாண்டிக் கிடந்தது.
இரண்டு ராத்திரி.
வண்டிக்கடியில் ஸ்டவ் வைத்துச் சோறு பொங்கியிருக்கிறார்.
மூன்றாம் நாள் கவுண்டருக்கு வந்து
சண்டை போடாமல் கேட்டார்:
"என் பேர்ல இன்னா தப்பு மேடம்?"

பதினோரு மாதம் ஆயிற்று பதில் எழுத.
"முதலில் எழுத்து என்றால் என்னவென்று வரையறு" என்றான் ஊர்மஸ்.
ஒன்றாம் வகுப்புப் பாடம்.
இயந்திரத்துக்குச் சொல்ல முந்நூறு வரி.
சோதனைகள் நாலாயிரத்துச் சொச்சம்,
அதில் ஒன்றின் பெயர் ஞானப்பிரகாசம்.
அவருக்கு அது தெரியாது.

பழைய ஃபங்ஷனைத் தூக்கிவிடலாம் என்றான்.
கூடாது என்றேன்.
எங்கள் வீடு பழைய எண் 14, புதிய எண் 31.
கேஸ் புக்கில் பதினாலு,
வோட்டர் கார்டில் முப்பத்தொன்று,
கொரியர்காரன் இரண்டு கதவையும் தட்டிவிட்டு
மூன்றாவதில் கொடுத்துவிட்டுப் போவான்.
ஆகவே பழைய பெயரை அப்படியே விட்டு
மேலே ஒரு வரி எழுதினோம்:
இனி இந்தப் பக்கம் வர வேண்டாம்,
வந்துவிட்டால் வழி காட்டப்படும்.

ஐந்து மணிக்குள் நாற்பத்திரண்டு பேர் இறக்கியிருந்தார்கள்.
ஊர்மஸ் ஒரு கேக் படம் அனுப்பினான்.
யாரோ ஒருவர், நன்றியெல்லாம் சொல்லி,
கெமர் எழுத்து ஒன்று இன்னும் உடைகிறது என்றார்.
பார்த்தேன். உடைகிறதுதான்.

எட்டரைக்கு யார்டு.
கவுண்டர் இயந்திரம் அதே பழசு.
அதற்கு மென்பொருள் விற்றவன் போனை எடுப்பதில்லை,
பதிப்பு மாற்றச் சொல்லி நான் எழுதிய மனு
மேனேஜர் மேஜையில் டீ டம்ளருக்கு அடியில்.
உலகத்தில் நாற்பத்திரண்டு இடத்தில்
முழுசாக நிற்கிற பெயர்
இங்கே பன்னிரண்டில் வெட்டுப்பட்டு வந்தது.

வழக்கம்போல பால்பாயின்ட் பேனாவை எடுத்தேன்.
கடைசி எழுத்தின் தலையில் ஒரு புள்ளி,
பக்கத்தில் சின்னதாக என் கையெழுத்து.
நீட்டினேன்.

"நேத்து தூங்கலியா மேடம்?" என்றார்
ஞானப்பிரகாசம்.