கொட்டாவி

மூளைக்குள் பாதை இருக்கிறதாம்.
கம்ப்யூட்டரில் அதற்கு நீலம் பூசி வைத்திருந்தார்
டாக்டர் ஆன்சி.
இடப்பக்கம் மேலிருந்து இறங்கும் நீலம்
ஓரிடத்தில் மெலிந்து, நைந்து,
அதற்குக் கீழே பேருக்கு
இரண்டு மூன்று இழை.

சலோமி குனிந்து பார்த்தாள்.
ஆம்பூர் கம்பெனியில் பத்தொன்பது வருஷம்
ஷூவுக்கு அப்பர் தைத்தவள்.
"நூலு அறுந்துகீது" என்றாள் பாதி வாயால்,
"ஊசிய மாத்தினா சரியாப்பூடும்."
யாரும் சிரிக்கவில்லை. அவளே சிரித்தாள்,
அதுவும் பாதி.

தோள் வரும். முழங்கை வரும்.
விரல்...
பேனாவை மூடினார், திறந்தார்.
மூன்று மாதத்தில் பொத்தான் போடுகிற அளவுக்கு
வருவது கஷ்டம் என்கிறது படம்.
நூற்றுக்கு இத்தனை என்று ஓர் எண்ணும் சொன்னார்.
ஆட்டோக்காரன் நான்.
எண்ணைக் கேட்டால் பேரம்தான் வாயில் வரும்.
"கொஞ்சம் பாத்து சொல்லுங்க மேடம்" என்றேன்.

காட்பாடி மேம்பாலத்தை ரிப்பேருக்கு மூடியபோது
நான் வண்டியை நிறுத்தவில்லை.
சந்து, சாக்கடை ஓரம், யாரோ வீட்டுக் கொல்லை,
எப்படியோ ரயிலுக்கு ஆளைச் சேர்த்தேன்.
அதையும் சொன்னேன்.
"மூளையும் சுத்திப் போகப் பார்க்கும்" என்றார்,
"ஆனா எல்லா வண்டியும் சந்துல நுழையாது."

தொண்ணூறாவது நாள்.
படம் பொய் சொல்லவில்லை.
தோள் வந்தது. முழங்கை அரைகுறை.
விரல்கள் மட்டும் பந்த் நாள் பஜார்.
இடது கையில் கரண்டி, இடது கையில் சீப்பு,
ஜாக்கெட் கொக்கிக்கு நான்.
முதல் வாரம் ஒன்று தள்ளி ஒன்று மாட்டி
வார்டு முழுக்கச் சிரித்தது.

சித்திரையில் ஒரு ராத்திரி, கரண்ட் இல்லை,
சுவர் இன்னும் வெயிலைக் கக்குகிறது.
சலோமி கொட்டாவி விட்டாள்.
மடியில் கிடந்த வலது கை
யாரும் கூப்பிடாமல் எழுந்தது.
மார்பு வரைக்கும், விரல் கொஞ்சம் விரிந்து.
கொட்டாவி முடிந்ததும் விழுந்துவிட்டது.
"இன்னாய்யா இது?"

"அது வேற பாதை" என்றார் டாக்டர். "ரொம்பப் பழசு.
சிலருக்கு இப்படி ஆகும்.
நாம சொன்னா கேக்காது.
அத வெச்சுத் தைக்க முடியாது."

தெரியும்.
ஆனாலும் கடைசி சவாரி முடிந்து வந்து
அவள் எதிரே உட்காருகிறேன்.
தூக்கமே இல்லாமல் வாயை அகலத் திறக்கிறேன்.
தொத்திக்கொள்ளும் சமாச்சாரம் அது.
"சும்மா கெட" என்று
உதட்டை இறுக்கி அடக்குகிறாள்.
தாடை நடுங்குகிறது.
இரண்டு பேரும்
வலது கையைப் பார்த்தபடி இருக்கிறோம்.